அந்தப் பன்னிரண்டு வரிசை

செவ்வாய்க்கிழமை, மத்தியானம்

நெட்டைத் தங்கச்சிக்கு, குட்டை அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். ஆறு தடவை போன் அடித்தும் எடுக்காமல் இருப்பதற்கு உடம்பில் தெம்பு வேண்டுமே. அதனால்தான் கடிதம். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொண்டு படி. உன் மகள் வீட்டு விலாசத்தை நம் கூட்டத்து வாத்தியாரிடம் வாங்கினேன். அந்த மனிதருக்கு விலாசம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய், எனக்குக் கொடுக்கவில்லை. இதையும் மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

நம் பின்னல் கூட்டம் கூடுகிற அறையில், நூலகத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளை ஏற்றி வைத்திருக்கும் மூலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, முன்னாலேயே வந்துவிட்டேன். வந்தவள் சும்மா இருந்தேனா, அலமாரியில் நூல் பந்துகளை நிறம் பிரித்து அடுக்கலாம் என்று கையை விட்டேன். அடித்தட்டில், பழைய செய்தித்தாளுக்குக் கீழே, உன் போர்வை இருந்தது. நான் உன் கையில் கொடுத்தபோது எப்படி மடித்திருந்தேனோ அதே மடிப்பு. ஒரு தடவைகூட நீ விரித்துப் போடவில்லை.

கேட்கிறேன், அதற்கு என்ன அர்த்தம்?

நீ மகள் வீட்டுக்குப் பத்து நாள் போனபோது அந்தச் சாம்பல் நீலப் போர்வையை இங்கே பையோடு வைத்துவிட்டுப் போனாய். பாதியில் நின்ற வேலை. நான் எடுத்துப் பார்த்தேன். கீழே முப்பது வரிசை உன் கை, சொல்லிக்கொள்ளும்படி இருந்தது. அதற்கு மேலே பன்னிரண்டு வரிசை, ஐயோ, தூக்கத்தில் போட்டாயா, ஓடுகிற வண்டியில் போட்டாயா என்று தெரியாது, அத்தனை பிழை. அதற்கும் மேலே நாற்பது வரிசை மறுபடி ஒழுங்கு. நல்ல வீட்டுக்கு நடுவில் ஒரு இடிந்த அறை மாதிரி. நான் உனக்கு ஒரு நன்மை செய்யலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு எடுத்துப் போய், மேலிருந்து முழுவதும் பிரித்து, அந்தப் பன்னிரண்டையும் பிரித்து, அதே நூலால் ஒன்பது நாளில் திரும்பப் பின்னினேன். கட்டைவிரல் வீங்கிப்போய் மருமகள் ஐஸ் கட்டி வைத்துக் கட்டினாள்.

நீ திரும்பி வந்த செவ்வாய்க்கிழமை எல்லோர் முன்னாலும் உன் மடியில் வைத்தேன். நீ என்ன செய்தாய்? நடுப்பகுதியில் உள்ளங்கையை வைத்து மேலும் கீழுமாக இரண்டு தடவை தடவினாய். "ரொம்ப நேர்த்தியா இருக்கு அக்கா" என்றாய். டீயை மிச்சம் வைக்காமல் குடித்தாய். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாய். போய்விட்டாய். அடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் இல்லை. மூன்றாம் செவ்வாய்க்கிழமை, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு மகளோடு நிரந்தரமாகப் போய்விட்டாய் என்று வாத்தியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு. மூன்று வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு.

நான் யாரையும் லேசில் மன்னிக்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் என் நாத்தனார் நான் போட்ட முதல் குழந்தைத் தொப்பியைப் பார்த்து, காக்கா கூட்டுக்கு ஓட்டை கம்மி என்றாள். இன்றைக்கும் அவள் வீட்டில் நான் கை நனைப்பதில்லை. என் மருமகள் நான் போட்டுக் கொடுத்த ஸ்வெட்டரை வீட்டு வாசல் துடைக்கிற அம்மாவுக்குத் தூக்கிக் கொடுத்தது ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை. உன் வீட்டுக்காரர், போய்ச் சேர்ந்தவரைச் சொல்லக்கூடாது, அவரையும் நான் மறக்கவில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், உன்னைக் கூட்டிப்போக வந்து, உள்ளே வராமல் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, "இத்தனை பேர் உட்கார்ந்து முடிச்சுப் போடுறீங்க, கடைசில ஒரு கயிறுகூட வரலையே" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நீயும் சிரித்தாய். நான் இரண்டு வருஷம் அவரிடம் பேசவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்கு நடையாக நடந்தபோதும் உன்னிடம்தான் விசாரித்தேன், அவரிடம் இல்லை.

அப்படிப்பட்ட எனக்கு உன்மேல் கோபப்பட ஒரு மாதம் பிடித்தது பார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. முதல் நாள் நீ இந்த அறைக்கு வந்தது. இவ்வளவு உயரத்தை எங்கே உட்கார வைப்பது என்று எல்லோரும் பார்த்தோம். நீ போட்ட மூன்று வரிசையை நான் வாங்கிப் பார்த்து, இதைப் பிரி என்றேன். வேறு யாராக இருந்தாலும் மூஞ்சியைத் தூக்கியிருப்பார்கள். நீ சிரித்துக்கொண்டே உருவினாய். நூல் பிரிகிற சத்தம் நன்றாக இருக்கிறது அக்கா என்றாய். அன்றிலிருந்து பக்கத்து நாற்காலி உன்னுடையது.

எனக்கு வீட்டிலும் பேச ஆள் இருக்கிறது, தெருவிலும் இருக்கிறது. ஆனால் கையில் ஊசி இருக்கும்போது பேசுகிற பேச்சே வேறு. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை ஊசியைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடலாம். கேட்கிறவளும் தன் ஊசியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பாள், அது போதும். என் இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்று நாளில் போனதை ஐம்பது வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் ஒரு கைக்குட்டை அகலத் துண்டு பின்னி முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். நீ ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. வரிசை முடிந்ததும் ஊசியைத் திருப்பிப் பிடித்து, அந்தக் குழந்தைக்கு என்ன போட்டு வைத்திருந்தீர்கள் என்று கேட்டாய். மஞ்சள் காலுறை என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் நன்றாகத் தூங்கினேன்.

அதை நினைத்தால் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது. இந்தப் போர்வையைப் பார்த்தால் மறுபடி வருகிறது.

இங்கே வேறு செய்தி ஒன்றுமில்லை. வாத்தியார் போடுகிற மஃப்ளர் ஒன்பது அடி தாண்டிவிட்டது. கடைசிக் கண்ணிகளை எப்படி மூடி முடிப்பது என்று அவருக்குத் தெரியாது, முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்னிடம் கேட்கவும் கூச்சம், அதனால் நீட்டிக்கொண்டே போகிறார். பஸ் ஓட்டுகிற நம் டிரைவரம்மாவுக்கு ஷிப்ட் மாறிவிட்டது, அடுத்த வாரம்தான் வருவாள்.

என் ஒன்பது நாளுக்கும் கட்டைவிரலுக்கும் நீ ஒரு பதில் சொல்ல வேண்டும். போர்வை பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று எழுது. ஒளித்து வைத்துவிட்டு ஓடாதே.

கோபத்தோடும், உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்கிற அக்கறையோடும்,
குட்டை அக்கா

*

செவ்வாய்க்கிழமை, சாயங்காலம்

நெட்டைத் தங்கச்சிக்கு,

போன வாரம் நான் எழுதியது கிடைத்திருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடு. படிக்காமல் கிழித்திருந்தால் இன்னும் நல்லது. இதை மட்டும் படி.

இன்றைக்கு டிரைவரம்மா வந்தாள். நான் உன் போர்வையை மேசைமேல் விரித்து வைத்திருந்தேன். நியாயம் கேட்பதற்காகத்தான் விரித்தேன், மறைக்கவில்லை. இதில் என்ன குறை என்று நீங்களே பாருங்கள், இதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். டிரைவரம்மா நடுப்பகுதியில் விரலை வைத்துத் தேடினாள். அவர் போட்ட பட்டை எங்கே என்று கேட்டாள். எவர் என்றேன்.

அப்புறம் அவள் சொன்னதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

ஆஸ்பத்திரி வழியாகப் போகிற அவள் பஸ்ஸில், அவள் சீட்டுக்கு நேர்ப் பின்னால் நீங்கள் இருவரும் உட்காருவீர்களாம். முழங்காலில் நூல் பையை வைத்துக்கொண்டு உன் வீட்டுக்காரர் ஊசி பிடிப்பாராம், நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, முழங்கையால் பக்கத்தில் இருக்கிறவரை இடித்துக்கொண்டு. நீ ஜன்னலைப் பார்க்கிற மாதிரி அவர் கையைப் பார்ப்பாயாம். எல்லாம் அவளுக்குக் கண்ணாடியில் தெரியும். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றக் கூப்பிடும்வரை வராந்தாவிலும் அதையேதான் செய்வார் என்று நீ சொன்னாயாம். ஒருநாள் இறங்கும்போது அவர் டிரைவரம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

"அந்தக் குட்டையம்மாகிட்ட சொல்லிடாதீங்க. ரெண்டு வருஷமா எம்மேல கோவமா இருக்காங்க. இதை முடிச்சு நானே கொண்டுபோய்க் காட்டணும்."

தங்கச்சி, நான் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

டிரைவரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். நான் பையை வீட்டுக்கு எடுத்துப்போன அன்றைக்கே என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க யாரையாவது பேச விட்டாத்தானே" என்றாள். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியென்றால் அவருக்கும் அது சரி என்று பட்டிருக்கிறது.

நீ சொல்லியிருக்கலாமே என்று உன்மேல் பழியைத் திருப்பப் பார்த்தேன். என் ஞாபகம் விடவில்லை. நீ சொல்லித்தான் இருக்கிறாய். அவர் போய் நாற்பது நாள் கழித்து அந்தப் போர்வையோடு நீ திரும்பி வந்த முதல் செவ்வாயிலேயே நான், நடுவில் என்ன இது கூத்து என்றேன். இருக்கட்டும் அக்கா என்றாய். அடுத்த வாரம், மழை பெய்து ஜன்னல் பக்கம் ஒழுகிய அன்று, பிரித்துத் தரட்டுமா என்றேன். வேண்டாம் அக்கா, அது அப்படியே இருக்கட்டும் என்றாய். மூன்றாவது தடவை நூலகத்துப் படியில் இறங்கும்போது. நாலாவது தடவை ஊருக்குப் போகும் முன்னால், பையை அலமாரியில் வைத்துக்கொண்டே. நாலு தடவை. உனக்குச் சோம்பல் என்று நினைத்தேன். மற்றவர்கள் எனக்குச் சொன்ன சுடுசொல் ஒன்றைக்கூட ஐம்பது வருஷமாகத் தவறவிடாதவள், நீ நாலு தடவை சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

உனக்கு நான் என் வேலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் மேசை. கண்ணாடிப் பலகைக்குக் கீழே டியூப் லைட், மேலே துணி ஓடும். ஓட்டை, நூல் அறுந்தது, கண்ணி நழுவியது, எண்ணெய்க் கறை. கண்ணில் பட்ட இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போட்டுத் தூக்கி எறிய வேண்டும். அது எந்த மெஷினில் ஓடியது, அன்றைக்கு யார் நின்றார்கள், அவர்களுக்குக் காய்ச்சலா தூக்கமா, ஒன்றும் கேட்கக்கூடாது. கேட்டால் வேலை ஓடாது. சூப்பர்வைசர் என் கண்ணைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார். அந்தப் பெருமையில்தான் நான் உன் போர்வையையும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து கை நிற்கவில்லை. துண்டுகளை மடித்தேன், உதறினேன், திரும்ப மடித்தேன். ஒரு தொப்பி தொடங்கினேன், இரண்டு வரிசையில் உருவினேன். நூல் பிரிகிற சத்தம் கேட்டதும் பந்தைக் கூடையில் போட்டு மூடினேன். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, உடம்புக்கு என்ன அத்தை என்றாள். சொன்னேன். அவளிடம் நான் சொந்த விஷயம் சொல்லி ஏழு வருஷம் ஆகிறது. கேட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டு எழுதுங்கள் என்றாள், ஏதோ பால் வாங்கி வரச் சொல்வது போல. எனக்கு அது பழக்கமில்லை. யாருக்கும் கொடுத்தும் பழக்கமில்லை, கேட்டும் பழக்கமில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கசக்கிவிட்டேன்.

உன் வீட்டுக்காரர் எனக்குக் காட்ட வேண்டும் என்று செய்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பிரித்தேன். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

எனக்கு எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது.

குட்டை அக்கா

*

வெள்ளிக்கிழமை, காலை

நெட்டைத் தங்கச்சிக்கு,

போன வாரம் நான் எழுதியதற்கு உன் கார்டு நேற்று வந்தது. மூன்றே வரி. "அக்கா, உங்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. தெரியாமல் நடந்தது. போர்வையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

மருமகள் படித்துப் பார்த்து, அதுதான் மன்னித்துவிட்டார்களே அத்தை, இனி நிம்மதியாகச் சாப்பிடுங்கள் என்றாள். அவளுக்கு இந்த விஷயத்தில் அனுபவம் போதாது. எனக்கு உண்டு. என் நாத்தனார் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அதனால்தான் அவள் மூட்டுவலி எப்படி என்று யாரையாவது விட்டு விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். யாரை நான் முழுவதும் கைகழுவிவிட்டேனோ அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, முகம்கூட ஞாபகமில்லை. கோபமில்லை என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பாயைக்கூட விரிக்காமல் தரையில் உட்கார்ந்தேன்.

அதனால் நிம்மதியாக விடப்போவதில்லை உன்னை.

மூன்று நாளாக எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. நின்றால், நடந்தால், பல் துலக்கினால் அதே ஓட்டம். அந்தப் பன்னிரண்டு வரிசையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சும்மா மேலோட்டமாக இல்லை, கண்ணி கண்ணியாக. நாலு வாரம் உன் பக்கத்தில் உட்கார்ந்து அதையேதான் வெறித்தேன், பிரிக்கும் முன்னால் ஒருநாள் முழுக்க மடியில் வைத்து ஒவ்வொரு பிழையாகத் தொட்டு எண்ணினேன், அன்றைக்குக் கேலி செய்வதற்காக. எண்ணியது போகவில்லை. எழுதுகிறேன், கேள்.

மொத்தம் எண்பத்து நாலு கண்ணி. முதல் வரிசை அத்தனையும் இறுக்கம், ஊசி நுழைய இடமில்லாத இறுக்கம். அந்த இடத்தில் போர்வை இடுப்பு மாதிரி உள்ளே ஒடுங்கியிருந்தது. அவர் லிஃப்டுக் கம்பி இழுத்த கை, விட்டால் கீழே விழுந்துவிடும் என்று பிடித்திருக்கிறார். இரண்டாவதில் பத்தொன்பதாம் கண்ணி, இருபதாம் கண்ணி, இருபத்தொன்று, மூன்றும் முன்பக்கம் பார்க்க வேண்டியவை பின்பக்கம் பார்த்தன. மூன்றாவதில் நூல் ஊசிமேல் சும்மா சுற்றிக்கொண்டு மூன்று கண்ணி கூடிவிட்டது, எண்பத்தேழு. மூன்று சின்ன ஓட்டை. நாலாவது பரவாயில்லை.

ஐந்தாவதில் நடுவில் ஊசியைக் கீழே வைத்திருக்கிறார். எடுக்கும்போது திசை மாறி, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அதனால் இடது பக்கம் இரண்டு வரிசை உயரம். அது அவர் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்ததால் என்று இப்போது நினைக்கிறேன். ஆறாவதில் நூல் பிளந்த இடம் ஐந்து, பாதி இழையை மட்டும் குத்தி எடுத்திருக்கிறார். ஏழாவதில் பதினொன்றாம் கண்ணி நழுவி இரண்டு வரிசை கீழே ஓடியிருந்தது, யாரோ அதைத் தூக்கிவிட்டிருந்தார்கள், ஆனால் முறுக்கிக்கொண்டு நின்றது. நீ தூக்கியிருந்தால் முறுக்கியிருக்காது. உன்னைக் கேட்காமல் அவரே சரிசெய்திருக்கிறார்.

எட்டாவதில் கை இளகத் தொடங்கியது. ஒன்பதாவதில் கூடிப்போன மூன்றையும் எப்படியோ கண்டுபிடித்து ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டிவிட்டார், வலது ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு முண்டு. திரும்ப எண்பத்து நாலு. எண்ணியிருக்கிறார், பார்.

பத்தாவது வரிசையில் ஒரு பிழை இல்லை. என் கண்ணால் சொல்கிறேன், ஒன்றுகூட இல்லை. அதையும் சேர்த்துத்தான் பிரித்தேன்.

பதினொன்றில் ஓரக் கண்ணி ஒன்று தளர்ச்சி, அவ்வளவுதான்.

பன்னிரண்டாவதை உனக்கு எப்படி எழுதுவது என்றுதான் மூன்று நாள் யோசித்தேன். அதில் முதல் முப்பத்தொரு கண்ணி அவர் கை. முப்பத்திரண்டாவதிலிருந்து உன் கை. அன்றைக்கு எனக்கு அது இறுக்கம் மாறியிருக்கிறது என்று மட்டும்தான் பட்டது, இன்னொரு பிழை என்று கணக்கில் சேர்த்துக்கொண்டேன். இப்போது கண்ணை மூடினால் அந்த இடம்தான் தெரிகிறது. வரிசையின் நடுவில் ஊசி எப்படி உன் கைக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. என்றைக்காவது உனக்குச் சொல்லத் தோன்றினால், உன் ஊசியைப் பார்த்துக்கொண்டு சொல், நான் என்னுடையதைப் பார்த்துக்கொண்டு கேட்கிறேன்.

போர்வை என் கட்டில்மேல் இருக்கிறது. நான் பின்னியதை முப்பதாவது வரிசைவரை உருவ எனக்குக் கால் மணி நேரம் போதும். அப்புறம் அவர் போட்டது போலவே ஒவ்வொரு பிழையாக என்னால் போட முடியும். ஒரு துண்டு நூலில் போட்டுப் பார்த்தேன். பிழை எல்லாம் சரியாக வந்தது, ஆனால் அது என் கையாகத்தான் இருந்தது, அவர் கை வரவில்லை. அதை ஒளித்துவிட்டேன், யாருக்கும் காட்டவில்லை. அவர் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நீதான். போட வேண்டியவள் நீயா, யாருமே போடக்கூடாதா, அதுவும் எனக்குத் தெரியவில்லை. அவர் தொட்ட நூல் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது, ஒரு முழம்கூட வெளியே போகவில்லை. அது மட்டும் உறுதி.

கை துடிக்கிறது. ஊசியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். முன்பென்றால் இந்நேரம் உருவி முடித்து, பின்னி முடித்து, பார்சல் கட்டி, நீ நன்றி சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டும் இருப்பேன். இந்தத் தடவை ஒரு கண்ணியைக்கூடத் தொட மாட்டேன், நீ சொல்லும்வரை. எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

கூட்டத்தில் இப்போது நான் யார் வேலையையும் வாங்கிப் பார்ப்பதில்லை. நான் பேசாமல் இருப்பது எல்லோருக்கும் பயமாக இருக்கிறதாம். வாத்தியார் போன செவ்வாய் தன் மஃப்ளரைத் தானாகவே என்முன் நீட்டி, இதை எப்படியம்மா முடிப்பது என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். முடித்ததும் அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது, இனி அடுத்து என்ன போடுவது என்று தெரியவில்லையாம். உன் நாற்காலியில் டிரைவரம்மா தன் பையை வைத்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன், அவளே எடுத்துவிட்டாள்.

தங்கச்சி, நீ என்னைத் திட்டு. மகள் பக்கத்தில் இருக்கிறாள், பேரன் கேட்கிறான் என்று பார்க்காதே, உட்கார்ந்து இரண்டு பக்கம் திட்டு. தெரியாமல் நடந்தது என்று எழுதாதே, நாலு தடவை சொன்னேனே என்று எழுது. பிரி என்று எழுது, இல்லை, தொடாதே என்று எழுது. இல்லை, அப்படியே கொடுத்து அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுது. எதுவானாலும் செய்கிறேன். எனக்கு உன்னிடமிருந்து வர வேண்டியது அந்த ஒரு சொல்தான். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் இன்னொரு தடவை சொல்லிவிடாதே.

உன் மகளும் மருமகனும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்கட்டும். உன் கைக்கு வலி வராமல் இருக்கட்டும். புது ஊரில் உன் பக்கத்து நாற்காலியில் யாராவது நல்லவள் வந்து உட்காரட்டும் என்று வாழ்த்த வேண்டும் என்று நினைத்தேன், மனசு வரவில்லை. அந்த நாற்காலியைக் கொஞ்ச நாள் காலியாக வை.

உன்னிடம் முதல் முறையாக மன்னிப்புக் கேட்கும்,
குட்டை அக்கா